தீயை அடக்க வந்த நஞ்சு

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் சமயத்தின் பெருமையையும் செந்தமிழின் சிறப்பையும் பேசுவது நம் மரபு. அவற்றைப் பேச என்னிலும் வல்லவர்கள் இங்கே வீற்றிருக்கிறார்கள். மன்றத்தார் என்னிடம் கேட்டுக்கொண்டதோ வேறொன்று. "விஞ்ஞானத்தில் நம் வீட்டுக்குப் பயன்படும் விஷயம் ஒன்றை எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள்" என்றார்கள். அந்த அன்புக் கட்டளையை ஏற்று, கண்ணுக்குத் தெரியாமல் நம் காம்பராவுக்குள் புகுந்து, தாயின் உடலில் தங்கி, பிள்ளையின் வளர்ச்சியில் கைவைக்கும் ஒருவகை நஞ்சைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். தீயைத் தடுப்பதற்கென்று மனிதன் செய்த இரசாயனங்களே அந்த நஞ்சு.

தீயின் கொடுமையை நமக்கு எவரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. லுணுகலையானாலும் பசறையானாலும் மடூல்சீமையானாலும் லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் வீடுகள். ஒரு காம்பராவில் பற்றிய தீ அந்தக் கூரை வழியே ஓடி அத்தனை குடும்பங்களையும் இஸ்தோப்பில் நிறுத்திவிடும். உடுதுணியும், பிள்ளைகளின் பாடப் புத்தகமும், பிறப்புச் சாட்சிப் பத்திரமும் ஒரு நாழிகையில் சாம்பலாகும். ஆகவே, "இது எளிதில் தீப்பற்றாத பொருள்" என்று எவராவது சொன்னால், அதை ஒரு வரமாகவே நாம் எண்ணுவோம். அந்த வரத்திற்கு உலகம் கொடுத்த விலை என்ன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

அந்தக் காலத்தில் வீட்டுச் சாமான்கள் மரத்தாலும் பஞ்சாலும் தகரத்தாலும் ஆனவை. பின்னர் எண்ணெயிலிருந்து செய்த பிளாஸ்டிக்கும் நுரை மெத்தையும் வந்தன. இவை மண்ணெண்ணெயின் பிள்ளைகளாகையால் வேகமாக எரியும் இயல்புடையவை. தொலைக்காட்சிப் பெட்டியின் கூடு, கணினி, மின்கம்பியின் உறை, நாற்காலியின் நுரை ஆகியவற்றில் தீ சுலபமாகப் பிடியாதிருக்க, 1970களிலிருந்து புரோமீன் என்னும் மூலகம் சேர்ந்த இரசாயனங்களை உற்பத்தியாளர்கள் பெருவாரியாகக் கலக்கலானார்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் சிலவற்றின் கூட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் இந்த இரசாயனம் இருந்தது.

இவற்றுள் பல, பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்தவை அல்ல. மாவில் உப்பைக் கலப்பதுபோல வெறுமனே கலக்கப்பட்டவை. பொருள் பழையதாக ஆக, நுரை பொடிந்து உதிர உதிர, அவை மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் கலக்கின்றன. தவழும் குழந்தை தரையில் கையை ஊன்றுகிறது. அந்தக் கையை வாயில் வைக்கிறது. பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடலில் இந்த நஞ்சு கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவே முக்கிய காரணம் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள்.

சரி, தூசியளவான ஒரு பொருள் என்ன செய்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண, நம் உடலுக்குள் நடக்கும் ஒரு விசித்திரமான நிர்வாகத்தை முதலில் அறிய வேண்டும்.

ஒரு பெரிய தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காரியாலயத்திலிருந்து ஒரு சிறு துண்டுக் காகிதம் மலைக்குப் போகிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன மலையில் கொழுந்து, இன்ன மலையில் கவ்வாத்து என்று நூற்றுக்கணக்கானோர் வேலையைத் தொடங்குகிறார்கள். காகிதம் சிறிது, காரியம் பெரிது. நம் உடலிலும் இப்படியே. சுரப்பிகள் என்னும் காரியாலயங்களிலிருந்து ஓமோன்கள் என்னும் கடிதங்கள் இரத்தத்தில் புறப்படுகின்றன. "எலும்பே, வளர்! மூளையே, கிளைவிடு! பெண்ணே, பூப்பெய்து! தாயே, பால் சுர!" என்னும் கட்டளைகள் யாவும் இந்தக் கடிதங்களில் எழுதப்பட்டவையே. அவற்றின் அளவு மிக மிகச் சொற்பம். ஆகையால், அந்தக் கடிதத்தைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு கள்ளக் கடிதம் அதே சொற்ப அளவில் நுழைந்தாலும் குழப்பம் விளைந்துவிடும்.

கழுத்தின் முன்புறத்தில் தைரொயிட்டு என்றொரு சுரப்பி இருக்கிறது. அது செய்யும் ஓமோனின் பெயர் தைரொக்சின். இரண்டு வளையங்களும், அவற்றை இணைக்கும் ஓர் ஒட்சிசன் பாலமும், வளையங்களின்மேல் நான்கு அயடீன் அணுக்களும் கொண்டது அதன் வடிவம். இனி, பீ.பீ.டீ.ஈ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தீத்தடுப்பு இரசாயனத்தின் வடிவத்தைப் பாருங்கள். அதே இரண்டு வளையங்கள். அதே ஒட்சிசன் பாலம். அயடீன் இருக்குமிடத்தில் அதன் உடன்பிறப்பாகிய புரோமீன்! பூட்டுக்கென்று செய்த திறப்பைப் போலவே இன்னொரு திறப்பு. அது பூட்டுக்குள் நுழையும். ஆனால் சரியாகத் திறக்காது. உண்மையான திறப்பு வரும்போது அதற்கு வழியும் விடாது. இரத்தத்தில் தைரொக்சினைச் சுமந்து செல்லும் புரதங்களிலும் இது இடம்பிடித்துக்கொள்ளும்.

தைரொயிட்டுச் சுரப்பியின் அருமை நம் முதியோர்க்குத் தெரியாததல்ல. அயடீன் குறைவினால் கழுத்தில் கழலை தொங்கிய தாய்மார்களை அவர்கள் கண்டிருப்பார்கள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1995ஆம் ஆண்டு முதல் இலங்கையில் அயடீன் சேர்த்த உப்பு கட்டாயமாக்கப்பட்டது. கர்ப்பிணியின் உடலில் தைரொக்சின் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும் என்பது வைத்திய நூல்கள் அனைத்தும் ஒப்பிய உண்மை. ஒரு கையால் உப்பில் அயடீனைச் சேர்த்துவிட்டு, மறு கையால் அதன் வேலையைக் கெடுக்கும் பொருளை வீட்டுக்குள் விடுவது அறிவுடைமையாகுமா?

இவை ஏட்டுக் கதைகள் அல்ல. நடந்த செய்திகள் சிலவற்றைச் சொல்லுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மிச்சிகன் என்றொரு மாநிலம். 1973ஆம் ஆண்டு அங்கே ஓர் இரசாயனத் தொழிற்சாலை இரண்டு பொருள்களைச் செய்துவந்தது. ஒன்று, மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியச் சத்து. மற்றது, பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பீ.பீ.பீ. என்னும் தீத்தடுப்பு இரசாயனம். முன்னதின் பெயர் நியூட்ரிமாஸ்டர். பின்னதின் பெயர் பயர்மாஸ்டர். பெயரிலும் ஒற்றுமை, தோற்றத்திலும் ஒற்றுமை. மூட்டைகள் மாறிப்போயின. தீத்தடுப்பு நஞ்சு தீவனச் சாலைக்குச் சென்று, பண்ணைகளின் பசுக்களுக்கு ஊட்டப்பட்டது. பசுக்கள் தீனியை வெறுத்தன, பால் வற்றியது, கன்றுகள் செத்தன. பிரெடரிக் ஹால்பர்ட் என்னும் பண்ணைக்காரர் விடாமல் காரணத்தைத் தேடியதன் பயனாக, 1974ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் அந்த மாநில மக்கள் பல மாதங்களாக அந்தப் பாலைக் குடித்தும், இறைச்சியையும் முட்டையையும் உண்டும் வந்திருந்தார்கள். ஏறத்தாழ 30,000 மாடுகளும் 15 இலட்சம் கோழிகளும் கொன்று புதைக்கப்பட்டன.

ஆனால் மனிதரைப் புதைத்துக் கணக்கை முடிக்க முடியாதே! அந்தத் தாய்மார்களுக்குப் பிறந்த பெண்பிள்ளைகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, கருவிலேயே கூடுதலான நஞ்சுக்கு ஆளாகித் தாய்ப்பாலும் அருந்திய பிள்ளைகள், மற்றவர்களைவிட ஏறத்தாழ ஓராண்டு முன்னதாகவே பூப்பெய்தியிருந்தார்கள். கள்ளக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. காலத்திற்கு முன்பே கட்டளை நிறைவேறிவிட்டது. மூட்டையை மாற்றியவர்கள் ஒரு தலைமுறை. பலனை அனுபவித்தது அடுத்த தலைமுறை!

இரண்டாவது செய்தி சுவீடன் நாட்டினது. அங்கே 1972ஆம் ஆண்டு முதல் தாய்ப்பாலின் மாதிரிகளைச் சேகரித்து உறைநிலையில் பாதுகாத்து வந்தார்கள். பின்னர் அவற்றைப் பரிசோதித்தபோது ஒரு திடுக்கிடும் உண்மை தெரிந்தது. 1972 முதல் 1997 வரை, ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை பீ.பீ.டீ.ஈ.யின் அளவு இரட்டித்துக்கொண்டே வந்திருந்தது. தாய்மார் எவரும் அதை உண்ணவில்லை, வாங்கவில்லை, அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. வீட்டுச் சாமானிலிருந்து தூசிக்கும், தூசியிலிருந்தும் உணவிலிருந்தும் உடலுக்கும், உடலின் கொழுப்பிலிருந்து பாலுக்கும் அது தானாகவே நடந்து வந்திருந்தது. ஆயினும் இந்தச் செய்தியின் மறுபாதி நமக்குத் தைரியம் தருவது. ஆபத்தை உணர்ந்து உபயோகத்தைக் குறைத்ததும், அடுத்த ஆண்டுகளில் தாய்ப்பாலில் அந்த அளவும் இறங்கத் தொடங்கியது. மனிதன் செய்த கேட்டை மனிதனே திருத்தவும் கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டுமோ?

மூன்றாவது செய்தி நம்மைப் போன்ற தொழிலாளர் குடும்பங்களைப் பற்றியது. கலிபோர்னியாவில் சலீனாஸ் பள்ளத்தாக்கு என்னும் காய்கறித் தோட்டப் பிரதேசம் இருக்கிறது. மெக்சிக்கோவிலிருந்து சென்ற ஏழைக் கூலிக் குடும்பங்கள் அங்கே பாடுபடுகின்றன. அந்தத் தாய்மார்கள் கருவுற்றிருந்த காலம் தொட்டு அவர்களையும் பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தாயின் இரத்தத்தில் பீ.பீ.டீ.ஈ. கூடியிருந்த பிள்ளைகள், பள்ளி வயதில் ஒரு விஷயத்தில் மனத்தை நிலைநிறுத்துவதிலும், விரல்களால் நுட்பமான வேலை செய்வதிலும், அறிவுச் சோதனையிலும் பின்தங்கியிருந்தார்கள் என்று 2013ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். கல்வி ஒன்றையே ஏணியாகப் பிடித்து மேலேற முயலும் நம் சமூகத்திற்கு, பிள்ளையின் கவனத்தைக் களவாடும் நஞ்சைவிடப் பெரிய எதிரி வேறு யார்?

அன்பர்களே! இந்த நஞ்சுக்கு ஒரு தந்திரம் உண்டு. ஒன்றைத் தடைசெய்தால் அதன் தம்பி வேறு பெயரில் வருவான். 1977ஆம் ஆண்டில் ஆர்லின் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள், குழந்தைகளின் இரவு உடையில் சேர்க்கப்பட்ட டிரிஸ் என்னும் தீத்தடுப்பு மருந்து மரபணுவைக் கெடுக்கக்கூடியது என்று எச்சரித்தார்கள். அவ்வாண்டே அந்த உடைகள் அமெரிக்காவில் தடுக்கப்பட்டன. ஆனால் அதன் நெருங்கிய உறவான இன்னொரு டிரிஸ், பல ஆண்டுகள் கழித்து நாற்காலி மெத்தைகளுக்குள் இருக்கக் காணப்பட்டது! ஆகவேதான் ஒரு பொருளை மட்டும் அல்லாமல், அதன் குலம் முழுவதையும் கண்காணிக்க வேண்டும் என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். ஓமோன்களின் வேலையைக் குலைக்கக்கூடியவை என்று அறியப்பட்ட அல்லது ஐயுறப்படும் இரசாயனங்கள் 800 வரையில் உள்ளன என்று, உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட 2012ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

தோட்டப்புறத்தில் அடிக்கப்படும் மருந்துகளிலும் இந்தக் குலத்தைச் சேர்ந்தவை உண்டு. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், அரசாங்கத் தோட்டக் கூட்டுத்தாபனத்தின் முந்திரித் தோட்டங்களின்மேல் எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்தை 2000ஆம் ஆண்டு வரையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகொப்டரிலிருந்து தூவினார்கள். தோட்டத்தை அடுத்த கிராமத்துச் சிறுவர்கள் 117 பேரையும், தொலைவிலுள்ள வேறொரு கிராமத்துச் சிறுவர்கள் 90 பேரையும் இந்தியத் தேசியத் தொழிற்சுகாதார நிறுவனத்தார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தோட்டத்தருகே வளர்ந்த சிறுவர்களின் பருவ வளர்ச்சி பிந்தியிருந்ததை 2003இல் அறிவித்தார்கள். 2011ஆம் ஆண்டு மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடெங்கும் தடுத்தது. இலங்கை அதனை 1998ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது என்பது நமக்கு ஓரளவு ஆறுதல். மிச்சிகனில் பெண்பிள்ளைகளுக்குப் பருவம் முந்தியது. காசர்கோட்டில் ஆண்பிள்ளைகளுக்குப் பருவம் பிந்தியது. நஞ்சு வேறு, குலைந்த நிர்வாகம் ஒன்றே.

இதுவரை சொன்னவை பிற நாட்டுக் கதைகள். "எங்கள் காம்பராவில் மெத்தை நாற்காலியும் இல்லை, கணினியும் இல்லை, எங்களுக்கென்ன?" என்று சிலர் எண்ணக்கூடும். இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். பணக்கார நாட்டில் இந்த நஞ்சு புதுச் சாமானாக வீட்டுக்குள் நுழைகிறது. ஏழை நாட்டில் அது பழைய சாமானாகவும் குப்பையாகவும் நுழைகிறது. நெருப்பின் வழியாக வெளியே வருகிறது.

பழுதான தொலைக்காட்சி, வானொலி, கைத்தொலைபேசி, மின்சார வயர் ஆகியன இன்று எந்த லயத்தின் பின்புறத்தில் இல்லை? பிய்ந்துபோன நுரை மெத்தையை என்ன செய்கிறோம்? கானோரத்தில் போட்டுக் கொளுத்துகிறோம். விறகு ஈரமாக இருந்தால் ஒரு பொலித்தீன் பையையோ பிளாஸ்டிக் துண்டையோ வைத்து அடுப்பை மூட்டுகிறோம். பழைய வயரைக் குவித்து எரித்து, உறை கருகியபின் செம்பை எடுத்துப் பழைய இரும்புக்காரருக்கு விற்கும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. தீத்தடுப்பு மருந்து கலந்த பிளாஸ்டிக் எரியும்போது அந்த மருந்து அழிந்துபோவதில்லை. அதில் ஒரு பகுதி புகையிலும் சாம்பலிலும் அப்படியே கலக்கிறது. மறு பகுதி வேறு நஞ்சுகளாக மாறுகிறது. வயரின் உறையில் குளோரீன் இருக்கிறது. உள்ளே செம்பு இருக்கிறது. குளோரீனும் செம்பும் குறைந்த சூட்டில் சேர்ந்து புகையும்போது டையொக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. அது உடலில் புகுந்தால் பாதியளவு வெளியேறவே 7 முதல் 11 ஆண்டுகள் வரை செல்லும். அதுவும் ஓமோன்களைக் குலைப்பதே.

அந்தப் புகை எங்கே போகிறது? நம் மலைகளில் மாலையானதும் பனிமூட்டம் இறங்கிப் புகையை மேலே விடாது பள்ளத்திலேயே அமுக்கிவைக்கும். சாம்பல் மண்ணில் படிகிறது. அந்த மண்ணைக் கோழி கிளறுகிறது; நஞ்சு முட்டைக்கு வருகிறது. அந்தப் புல்லைப் பசு மேய்கிறது. நஞ்சு பாலுக்கு வருகிறது. பாலையும் முட்டையையும் பிள்ளைக்கென்றும் கர்ப்பிணிக்கென்றும் நாம் ஆசையோடு ஒதுக்கிவைக்கிறோம்!

இதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி, தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சென்னை மாநகரின் தெற்கே பெருங்குடி என்னுமிடத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாக, நகரத்துக் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டது. அது அடிக்கடி தீப்பற்றிப் புகைந்தது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், ஆசிய நாடுகளின் குப்பைமேடுகளை ஆராய்ந்தபோது இதையும் எடுத்துக்கொண்டார்கள். குப்பைமேட்டின் அருகே வாழ்ந்த தாய்மார்களின் பாலில், தொலைவில் வாழ்ந்த தாய்மார்களின் பாலைவிட டையொக்சின் வகை நஞ்சுகள் கூடுதலாக இருந்ததை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். காரணத்தைத் தேடியபோது அவர்களின் ஐயம் பசும்பாலின்மேல் சென்றது. குப்பைமேட்டில் மேய்ந்த மாட்டின் வழியாகவே நஞ்சு தாயை அடைந்திருக்கக்கூடும் என்று அவர்கள் எழுதினார்கள். மிச்சிகனிலும் பசு, பெருங்குடியிலும் பசு! பசுவைத் தாயென்று போற்றும் நாம், அது மேயும் இடத்தில் எதை எரிக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

நம் நாட்டுக் கடற்கரையே கண்ட ஒரு காட்சியும் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்திற்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. 1,486 கொள்கலன்களோடு வந்த அந்தக் கப்பல் ஜூன் 2ஆந் தேதி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 டொன் பிளாஸ்டிக் மணிகளில் பெருந்தொகை கரையில் ஒதுங்கியது. எரிந்து கருகிய கட்டிகளும் கூடவே ஒதுங்கின. அந்தக் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், எரியாத மணிகளைவிட எரிந்தவற்றில் நச்சு இரசாயனங்கள் பலபடியாகக் கலந்திருந்ததைக் கண்டார்கள். எரித்தால் அழிந்துவிடும் என்பது பொய். எரித்தால் உருமாறும் என்பதே மெய்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. நீண்ட காலம் அழியாத நச்சுப் பொருள்களைப் பற்றிய ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை 2001ஆம் ஆண்டில் உருவானது. இலங்கை அதனை 2005ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. பீ.பீ.டீ.ஈ. வகைகளில் சில 2009ஆம் ஆண்டிலும், தொலைக்காட்சிக் கூடுகளில் மிகுதியாகச் சேர்ந்த டெக்கா என்னும் வகை 2017ஆம் ஆண்டிலும் அதன் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆந் தேதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், பிளாஸ்டிக் உள்ளிட்ட குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடைசெய்கிறது. ஆனால் தடைக்கு முன் செய்த பொருள்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. பழைய கணினிக் கூடுகளை உருக்கிச் செய்த கருநிறப் பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான்களிலும் சமையற் கரண்டிகளிலும் இந்த மருந்துகள் இருப்பதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மலிவு என்று பார்த்து அவற்றை வாங்கிப் பிள்ளையின் வாயில் கொடுக்காதீர்கள்.

இவ்விடத்தில் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லவேண்டும். முதலாவது, தாய்மார்கள் பயப்படலாகாது. பாலில் நஞ்சு என்று கேட்டவுடன், தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா என்று ஒருவரும் எண்ணவே கூடாது. இத்தனை ஆராய்ச்சிகளையும் அறிந்த உலகச் சுகாதார நிறுவனம், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றையே கொடுக்கும்படியும், இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் அதனைத் தொடரும்படியும் சொல்லுகிறது. நோயெதிர்ப்பும், அறிவு வளர்ச்சியும், அன்பும் சேர்ந்த அந்த அமுதத்திற்கு ஈடான மாவு எந்தக் கடையிலும் இல்லை. நிறுத்தவேண்டியது பாலை அன்று. பாலை மாசுபடுத்தும் புகையை. அவ்வாறே, ஊரில் காணும் ஒவ்வொரு நோய்க்கும் இதுவே காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறு. நோய் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

இரண்டாவது, பழி முழுவதையும் ஏழையின் தலையில் சுமத்துவது நியாயமன்று. நஞ்சைக் கலந்தவன் வயரை எரிக்கும் இளைஞன் அல்ல. அவன் கேட்பது அன்றாடச் செலவுக்கான நாலு காசு. குப்பை வண்டி எட்டிப்பாராத மேட்டு லயத்தில் குப்பையை எரிக்காமல் என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்டால், அதற்கு விடைசொல்லும் கடமை பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்திற்கும் தொழிற்சங்கங்களுக்கும் உண்டு. அந்தக் கேள்வியை ஒழுங்காக, எழுத்தில், கையொப்பங்களோடு கேட்கும் கடமை நமக்கு உண்டு.

இனி, மன்றத்து இளைஞர்களின் கைகளால் ஆகக்கூடியவற்றைச் சொல்லுகிறேன்.

ஒன்று: வயரை எரிக்காதீர்கள், கத்தியால் உறையைச் சீவிச் செம்பை எடுங்கள். கருகாத சுத்தமான செம்புக்கு விலையும் குறையாது. உங்கள் நுரையீரலும் தப்பும். இரண்டு: பழுதான மின்சாரச் சாமான்களுக்கும் பற்றரிகளுக்கும் கூரையுள்ள ஓர் இடத்தை ஒதுக்கி, மன்றத்தின் பொறுப்பில் சேர்த்துவைத்து, சேகரிப்போரிடம் ஒப்படைக்கப் பிரதேச சபையோடு பேசுங்கள். மூன்று: அடுப்பு மூட்டப் பொலித்தீன் வேண்டாம், தென்னோலையும் சிராயும் காய்ந்த தேயிலைக் குச்சியும் போதும். விறகைக் கூரைக்குள் உலரவைத்தால் அந்தத் தேவையே எழாது. நான்கு: தரையை வெறும் துடைப்பத்தால் கூட்டித் தூசியைக் கிளப்புவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகள் உண்ணுமுன் கை கழுவட்டும். பிள்ளைக்காம்பராக்களிலும் இதைச் சொல்லுங்கள்; அங்கே பொடிந்த நுரை மெத்தைகள் இருந்தால் மாற்றித்தரும்படி கேளுங்கள். ஐந்து: மருந்தடிக்கும் வேலைக்குக் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் அனுப்பக்கூடாது. மருந்து வந்த கலன்களைத் தண்ணீருக்குப் பாவிக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. ஆறு: திருவிழாவும் ஆண்டு விழாவும் முடிந்தபின் பிளாஸ்டிக் தோரணங்களைக் குவித்துக் கொளுத்தும் வழக்கத்தை நம் மன்றமே முதலில் கைவிடட்டும். மாவிலையும் குருத்தோலையும் கட்டினால் மறுநாள் அவை உரமாகும்.

அப்படியானால் தீக்குப் பாதுகாப்பு? அதையும் சொல்லாமல் விட்டால் என் பேச்சு அரைகுறையாகும். கலிபோர்னியாவிலே நாற்காலி நுரை நெருப்புச் சுடரைத் தாங்க வேண்டுமென்று 1975 முதல் இருந்த விதிதான் அந்நாட்டு வீடுகளில் இந்த மருந்துகளை நிரப்பியது. 2013ஆம் ஆண்டில் அந்த விதியை மாற்றி, புகைந்து பற்றும் நெருப்பை மேலுறைத் துணியே தாங்கினால் போதும் என்று ஆக்கினார்கள். மருந்து கலந்த நுரை எரியும் புகையை அன்றாடம் சுவாசிக்கும் தீயணைப்பு வீரர்களே அந்த மாற்றத்தை ஆதரித்தவர்களில் முன்னின்றார்கள். தீயைத் தடுப்பதற்கு நஞ்சு இன்றியமையாததன்று என்பதே இதன் பொருள். நமக்கும் வழிகள் உண்டு. அடுப்படிக்கும் படுக்குமிடத்திற்கும் நடுவே சுவர். அடுப்பின் மேலே விறகையும் துணியையும் அடுக்காமை. தேர்ந்த மின்வேலைக்காரர் பரிசோதித்த வயர். ஒரே இணைப்பில் பல சாமான்களை மாட்டாமை. எரியும் குப்பிவிளக்கை விட்டு அகலாமை. லயத்துக்கு லயம் மணல் வாளியும், தண்ணீர் வற்றாத பீலியும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரே கூரையில் தொடுத்த லயம் மறைந்து தனித்தனி வீடு எழுதல். தனி வீடு வேண்டுமென்ற நம் நெடுநாளைய கோரிக்கை மானத்திற்கான கோரிக்கை மட்டுமன்று. தீயிலிருந்து காக்கும் கோரிக்கையும் அதுவே.

பெரியோர்களே! நம் முன்னோர் இந்த மலைகளில் கல்லையும் முள்ளையும் நீக்கித் தேயிலை வளர்த்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஆஸ்தி பணமன்று. உழைக்கும் உடலும் கற்க விரும்பும் அறிவுமே. அந்த இரண்டையும் குறைபடாமல் அடுத்த தலைமுறையிடம் கையளிப்பது நம் கடன். இந்த ஆண்டு மன்றம் ஒரே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினால் போதும் என்பேன்: "எங்கள் லயத்தில் பிளாஸ்டிக்கும் வயரும் எரியாது." ஒரு லயம் தொடங்கினால் அடுத்த லயம் பார்க்கும், ஒரு தோட்டம் தொடங்கினால் அடுத்த தோட்டம் கேட்கும். லுணுகலையிலிருந்து பிபிலை வரையிலும் பதுளை வரையிலும் அந்தச் செய்தியைக் கொண்டுசெல்லும் கால்கள் உங்களுக்கு இருக்கின்றன.